சோற்று உருண்டையும் ஒரு வீடியோவும்: மனைப்பொருளியல் வகுப்பில் ஊடக அறிவு

கேள்வி: வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகள் ரிக்ரொக்கில் பார்த்ததையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டு வருகிறார்கள். பிளாஸ்ரிக் அரிசி, ஒரு கிழமையில் வெள்ளையாக்கும் கிரீம், பட்டினி கிடந்து மெலிவது என்று நாளுக்கொரு கதை. பாடவேளை 40 நிமிடம். வகுப்புக்குப் போன் கொண்டுவர அனுமதியில்லை. பாடத்திட்டமும் முடிய வேண்டும். இதற்குள் ஊடக அறிவை எங்கே நுழைப்பது?

பதில்: ரீச்சர், தனிப் பாடமாக எங்கேயும் நுழைக்க வேண்டாம். "இன்றைக்குப் பொய்ச் செய்தி பற்றிப் படிப்போம்" என்று தொடங்கினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், குறிப்பெழுதுவார்கள், வீட்டுக்குப் போய் அதே வீடியோவைப் பார்ப்பார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: அடுப்பும் தராசும். அதை வைத்தே செய்யலாம்.

பிளாஸ்ரிக் அரிசியை முதலில் எடுங்கள். கடை அரிசி பிளாஸ்ரிக்கில் செய்தது என்று சொல்லும் அந்த வீடியோக்களில் வழக்கமாகக் காட்டுவது, சோற்றை உருட்டிப் போட்டால் பந்துபோலத் துள்ளுகிறது, நெருப்பில் பிடித்தால் எரிகிறது என்பதைத்தான். சரி, வகுப்பிலே ஒரு சுண்டு அரிசி அவியுங்கள். கடையில் வாங்கியது ஒன்று, ஒரு பிள்ளையின் வீட்டு வயலில் விளைந்தது ஒன்று என்று இரண்டு பானை வைத்தால் இன்னும் நல்லது. இரண்டும் பச்சை அரிசியாக இருக்கட்டும். புழுங்கல் அவ்வளவாக ஒட்டாது, உதிர்ந்து உங்கள் மானத்தை வாங்கிவிடும். முதல்நாளே வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். ஆறியதும் நன்றாகப் பிசைந்து, இறுக உருட்டி, மேசையில் போடச் சொல்லுங்கள். இரண்டும் துள்ளும். தன் அப்பா விதைத்த நெல் துள்ளுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு நீங்கள் பெரிதாக ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

காரணத்தை உணவுப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். அவியும்போது மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பசையாகிறது. அந்தப் பசைதான் உருண்டையை ஒட்டிப் பிடித்துத் துள்ள வைக்கிறது. மாப்பொருளும் எரியும், ஆனால் கருகித்தான் எரியும். பிளாஸ்ரிக் உருகிச் சொட்டும். அப்புறம் விஞ்ஞான ஆசிரியரிடம் கொஞ்சம் அயடீன் கரைசல் வாங்கிச் சோற்றில் ஒரு துளி விடுங்கள், கருநீலமாகும். ஒரு பிளாஸ்ரிக் மூடியிலும் விடுங்கள், அயடீனின் பழுப்பு நிறம் மாறாது.

இவ்வளவும் முடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த வீடியோ எடுத்தவர் எதைச் செய்யாமல் விட்டார்?" அவர் இன்னொரு அரிசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. "இது உண்மையா பொய்யா" என்று கேட்டால் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். எதைக் காட்டவில்லை என்று கேட்டால் வீடியோவைத் திரும்பப் பார்த்தாக வேண்டும்.

இது சும்மா விளையாட்டில்லை என்று காட்ட அம்பாறைச் சம்பவத்தைச் சொல்லுங்கள். 2018 பெப்ரவரியில் அங்கே ஒரு உணவகத்தில் கறிக்குள் கிடந்த சிறு கட்டியைப் பார்த்து, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று சிலர் கிளப்பினார்கள். கடையில் நின்ற, சிங்களம் சரியாகத் தெரியாத தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் மிரட்டலுக்கு நடுவே தடுமாறிச் சொன்ன பதில் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி பேஸ்புக்கில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் கலவரம் வெடித்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாள் முடக்கியது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மா என்று தெரிந்தது. கறியில் மா கட்டிபடுவது எப்படி என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களே எத்தனை தரம் கட்டிபட வைத்திருப்பார்கள்! ஒருவரை மடக்கி வாங்கும் பதிலைப் போனில் பிடித்தால் அது சாட்சியாகுமா என்பதைப் பேச வையுங்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு முழுப் பாடவேளை போனாலும் போகட்டும்.

கிரீம் விஷயத்தைக் குடும்ப வரவுசெலவுத் திட்ட அலகில் வையுங்கள். வடை சுற்றி வந்த பழைய பேப்பர் போதும். அதில் எது செய்தி, எது காசு கொடுத்துப் போட்டது என்று கோடு போடச் சொல்லுங்கள். மணமகள் தேவை விளம்பரங்களையும் வெட்டி ஒட்டட்டும். நிற ஆசையை ரிக்ரொக் கண்டுபிடிக்கவில்லை, நாங்கள் வெகுகாலமாக அச்சிலேயே போட்டு வருகிறோம். பிறகு கிரீம் பெட்டியை எடுத்து, தயாரித்தவர் முகவரி, உள்ளடக்கம், காலாவதித் திகதி, உச்ச விலை எங்கே என்று தேட விடுங்கள். பாதரசம் கலந்த கிரீம்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படிக் கலப்பவன் அதைப் பெட்டியில் எழுதமாட்டான், முகவரியும் போடாமல் விடுவான். சந்தேகமான பொருளைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அந்த முறைப்பாட்டை எழுதிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. வகுப்பில் எந்தப் பிள்ளையின் நிறத்தையும் உதாரணத்துக்கு எடுக்காதீர்கள்.

மெலிவது பற்றிய வீடியோக்களில் இன்னும் கவனம் தேவை. வகுப்பில் யாரையும் நிறுக்க வேண்டாம், கலோரிக் கணக்கும் வேண்டாம். உண்மையாகவே சாப்பாட்டைத் தவிர்க்கும் பிள்ளை இருந்தால் அதைப் பாடமாக்காமல், தாயோடும் வைத்தியரோடும் தனியாகப் பேசுங்கள்.

போன் இல்லாதது பெரிய குறையில்லை. நீங்கள் வீட்டில் ஸ்கிரீன்சொட் எடுத்து ஒரு தாளில் அச்சிட்டால் போதும். உதாரணத்துக்கு, டெங்கு வந்தால் பப்பாசி இலைச்சாறு குடித்தால் சரி என்று மாரிகாலத்தில் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி. அதன் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், பல கை மாறி வந்த செய்தி. 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு தடவையில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். இந்தச் செய்தியை நான் விரும்பி எடுப்பதற்குக் காரணம், இது முழுப் பொய்யும் இல்லை. சாறு குடித்தவர்களுக்கு, டெங்குவில் குறைந்துபோகும் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அதை நம்பி ஆசுப்பத்திரிக்குப் பிந்திப் போனால் உயிர் போகும். பாதி உண்மையைக் கையாளத்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடப் பழகுவார்கள். அது நம்புவதைவிட மோசம்.

அனுப்பியவர் கனடாவில் இருக்கும் பெரியப்பா என்றால் பிள்ளை என்ன பதில் போடுவது? "இது பொய்" என்று குழுவில் போட்டால் வீட்டில் அடி விழும். "பெரியப்பா, இது ஆர் சொன்னது? இஞ்ச டொக்டர் காய்ச்சலெண்டால் உடன வரச் சொல்லுறார்" என்று தனியாக எழுதலாம். இரண்டு பேரை விட்டு நடித்துக் காட்டச் சொல்லுங்கள், வகுப்பு சிரித்துச் சாகும்.

ஒன்று மறந்துவிட்டேன். அயடீன் பட்ட சோற்றை யாரும் வாயில் வைக்கக் கூடாது. வெள்ளைச் சீருடையில் பட்டால் கறை லேசில் போகாது, ஏப்ரன் கட்டாமல் போத்தலைத் திறக்க விடாதீர்கள்.