மென்பொருளுக்கு வைத்த காசை லென்ஸுக்கு வையுங்கள்

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் கமரா பற்றியவைதான் கூட. அவற்றில் ஐந்தை எடுத்திருக்கிறேன். எல்லோருமே படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்யாதவர்கள், ஆசைக்கு எடுப்பவர்கள். அதனால் செலவைக் குறைப்பது எப்படி என்பதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகன் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கனடாவிலிருந்து வந்த மாமா ஒரு கெனன் 200டி கமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். படங்களைத் திருத்த லைட்ரூம் வேண்டும் என்கிறான். அதற்கு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டுமாம். கம்பியூட்டர் கடையில் கேட்டால் 2,000 ரூபாவுக்குப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அக்கா. கடையில் போட்டுத் தருவது பூட்டு உடைத்த பிரதி. அதை ஓட வைக்க வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு ஒரு சின்ன புரோகிராமை ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் கூடவே என்ன உள்ளே வருகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. நானும் ஏழு வருடத்துக்கு முன் ஒரு கடையில் இப்படிப் போடுவித்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை லெப்டொப்பைத் திறந்தால், ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒரு படமும் திறக்கவில்லை. டொலர் கேட்டு ஒரு கடிதம் திரையில் கிடந்தது. அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் அந்த லெப்டொப்பில் மட்டும்தான் இருந்தன. அம்மம்மா இப்போது இல்லை. அந்தப் படங்களும் இல்லை. இது போக, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. ஆகவே உடைத்த பிரதி சட்டப்படியும் பிழை.

காசு கட்டி எடுப்பதென்றால், போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்ந்த 1 டெராபைட் திட்டம் அமெரிக்க விலையில் மாதம் 19.99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் வருடத்துக்கு 72,000 ரூபா வரும். ஏ.எல். முடித்த பிள்ளையின் பொழுதுபோக்குக்கு அது அநியாயச் செலவு. அந்தக் காசுக்குப் பாவித்த நல்ல லென்ஸே வாங்கலாம்.

சரி, அப்போ எதைப் போடுவது? முதலில் கெனன் நிறுவனமே தன் கமராக்காரர்களுக்கு இலவசமாகத் தரும் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல். நிக்கொன் வைத்திருப்பவர்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கமராப் பெட்டியோடு கிடைத்த உரிமை இது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கமரா காட்டும் நிறம் அப்படியே கிடைக்கும் என்பதால் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு நல்லது.

இரண்டாவது, நான் தினமும் பாவிக்கும் டார்க்டேபிள். 2009இல் வந்தது, முழுக்க இலவசம், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உலகம் முழுக்கப் படம் எடுக்கும் ஆட்களே எழுதி வளர்க்கிறார்கள். வருடத்தில் இரண்டு தடவை, கோடையிலும் கிறிஸ்மஸுக்கும், புதிய பதிப்பு வரும். முதல் இரண்டு கிழமை கஷ்டமாக இருக்கும் என்று மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பொத்தான்கள் நிறைய. ஆனால் தொடக்கத்துக்கு நான்கைந்து போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பின்னேரம் ஆறு மணியை ஒட்டிக் காலி முகத்திடலில் பட்டம் விற்பவரை எடுத்த படம். சூரியன் கடல் பக்கம் இறங்குவதால் அவர் முகம் கறுத்துக் கிடக்கும், வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் தெளியும், ஆனால் வானம் வெளிறிப் போகும். டார்க்டேபிளில் டோன் ஈக்வலைசர் என்ற பகுதியைத் திறந்து, மௌஸை அவர் முகத்தின் மேல் வைத்துச் சக்கரத்தை மெல்ல உருட்டினால், அந்த அளவு இருட்டாக உள்ள இடங்கள் மட்டும் வெளிச்சமாகும். வானத்தின் மேல் வைத்து மறுபக்கம் உருட்டினால் செம்மஞ்சள் திரும்பி வரும். இதற்குப் படத்தைக் கமரா சுருக்கித் தரும் வழமையான ஜேபெக்காக அல்லாமல், சென்சர் பதிந்த தரவு முழுவதையும் வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்திருக்க வேண்டும். 200டியில் அதற்கு மெனுவில் ஒரு தெரிவு இருக்கிறது, முதல் நாளே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

மூலப்படத்தில் டார்க்டேபிள் கை வைக்காது. செய்த திருத்தம் எல்லாம் அதே பெயரில், எக்ஸ்எம்பி என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பில் இருக்கும். படத்தை வேறு டிஸ்குக்கு மாற்றும்போது அதையும் சேர்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை போய்விடும்.

டார்க்டேபிள் மனதுக்குப் பிடிக்காவிட்டால் ரோதெரபி. அதுவும் இலவசம்தான், நுணுக்கமான கூர்மைக்கு நான் அதைத்தான் நம்புவேன். முகத்தில் உள்ள பருவை நீக்குவது, பின்னணியில் உள்ள மின்கம்பத்தை அழிப்பது போன்ற வேலைக்கு கிம்ப். 1996 முதல் இருக்கிறது, 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு பழையதைவிட எவ்வளவோ மேல். மூன்றையும் அந்தந்தத் திட்டத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தொட வேண்டாம். இலவச மென்பொருளோடு வேறு குப்பைகளைச் சேர்த்துக் கொடுக்கும் தளங்களும் உண்டு.

கேள்வி: அண்ணா, கமரா வாங்க இப்போது வசதியில்லை. போனில்தான் எடுக்கிறேன். நல்ல அப் எது? – பல்கலைக்கழக மாணவன், தெமட்டகொட

பதில்: தம்பி, திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போதும். கூகுளுடையது, இலவசம், போன் எடுக்கும் டிஎன்ஜி கோப்பையும் (அதுவும் ஒரு வகை ரோ கோப்புதான்) திறக்கும். எடுப்பதற்கு, அன்ட்ரொய்ட் என்றால் ஓப்பன் கமரா. அதுவும் இலவசம், ஷட்டர் வேகத்தையும் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்தை உணரும் அளவு) நீங்களே வைக்கலாம். உங்கள் போன் இடம் கொடுத்தால் டிஎன்ஜியாகவும் எடுக்கும். கமரா இல்லையே என்று மனம் தளர வேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகுவதற்குப் போனே போதும்.

கேள்வி: என்னிடம் நிக்கொன் டி3200 இருக்கிறது. பின்னணி மங்கலாக வரும்படி முகங்களை எடுக்க ஆசை. பாவித்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8டி லென்ஸ் ஒன்று மலிவாக விற்பனைக்கு இருக்கிறது. விற்பவர் 'கண்டிஷன் புதுசு போல' என்கிறார். என்ன பார்த்து வாங்குவது? – ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: டீச்சர், முற்பணம் எதுவும் கொடுக்கவில்லையே? அந்த லென்ஸில் குறையில்லை, ஆனால் உங்கள் கமராவில் அதற்குத் தானாக ஃபோகஸ் வராது. டி என்று முடியும் பழைய ஏஎஃப் லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை, கமராவின் உடலில் உள்ள மோட்டார்தான் அவற்றைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் அந்த மோட்டாரை வைக்கவில்லை. டி7000 வரிசையில் இருக்கிறது. கையால் ஃபோகஸ் பண்ணி ஓடித் திரியும் பிள்ளைகளை எடுப்பது சிரமம். உங்களுக்கு வேண்டியது பெயரில் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்துகள் உள்ள லென்ஸ். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8ஜி அல்லது 35 மில்லிமீற்றர் எஃப் 1.8ஜி. கொழும்பு வீடுகளின் அறைகளுக்குள் எடுப்பதென்றால் 35தான் வசதி. உங்கள் கமராவில் 50ஐப் போட்டால் 75 போல, எல்லாம் இன்னும் கிட்ட வந்ததாகத் தெரியும், பின்னுக்குப் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும்.

பார்க்கும் முறை இதுதான். போன் டோர்ச்சைக் கொண்டு போங்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை அடித்து, முன்பக்கத்தால் சற்றுச் சரிவாகப் பாருங்கள். ஜி லென்ஸில் பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் இதழ்கள் விரியும், அப்போதுதான் முழுக் கண்ணாடியும் தெரியும். ஒன்றிரண்டு தூசு தெரிந்தால் விடுங்கள், படத்தில் வராது. சிலந்தி வலை போல, மரத்தின் வேர் கிளைப்பது போல மெல்லிய வெள்ளை நூல் தெரிந்தால் அது பங்கஸ், அதாவது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். முன்கண்ணாடியில் உள்ள சின்னக் கீறலைவிட இது மோசம்.

கமராவே பாவித்ததாக வாங்கும் ஆட்களுக்கும் ஒன்று. நிக்கொன் கமராவில் உங்கள் சொந்த மெமரி காட்டைப் போட்டு ஒரு படம் எடுத்து வாருங்கள். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அந்தப் படத்திலிருந்தே இதுவரை எத்தனை தடவை ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை) அடித்திருக்கிறது என்று சொல்லும். டி3200 ஷட்டரை நிக்கொன் 1,00,000 தடவைக்குச் சோதித்தது. 90,000 ஓடிய கமராவுக்கு விற்பவர் கேட்கும் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

லென்ஸ் வாங்கியபின் அதைக் கமராப் பைக்குள் மூடி அலுமாரியில் வைக்காதீர்கள். கொழும்பின் ஈரப்பதனில் பங்கஸ் வளர அதைவிட வசதியான இடம் கிடையாது. பெரிய விலைக்கு விற்கும் மின்சார உலர்பெட்டி நல்லதுதான், ஆனால் ஒரு கமரா, இரண்டு லென்ஸுக்கு அது தேவையில்லை. புறக்கோட்டையில் சாப்பாடு வைக்க விற்கும் ரப்பர் விளிம்புள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி, ஈரப்பதன் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று, இவ்வளவும் போதும். மீற்றர் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும், 60ஐத் தாண்ட விடாதீர்கள். ஈரம் நிரம்பிச் செம்மஞ்சள் சிலிக்கா பச்சையானால், அல்லது நீலம் ரோசாவானால், அவணில் 110 பாகையளவில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் நீல வகையை வாங்க வேண்டாம், அதில் உடலுக்குக் கூடாத கோபால்ட் உப்பு இருக்கிறது. அரிசி போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அதன் மாத்தூள் லென்ஸுக்குள் போகும்.

கேள்வி: புறக்கோட்டையில் நடைபாதையில் 256 ஜிபி மெமரி காட் ஒன்றை நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கினேன். தங்கச்சியின் நிச்சயதார்த்தத்தில் முதல் படங்கள் ஒழுங்காக இருக்கின்றன, பின்னால் எடுத்தவை பாதி சாம்பல் நிறமாக வருகின்றன. மீட்க முடியுமா? – வாசகர், மருதானை

பதில்: அது போலிக் காட்தான். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபியாக இருக்கும். 256 என்று கமராவிடம் பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் புதிய படங்கள் பழையவற்றின் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. எழுதப்படாத படத்தை யாராலும் மீட்க முடியாது. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் முயன்று பாருங்கள். அந்த மெமரி காட்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள், கமரா 'ஃபோமட் பண்ணவா' என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கணினியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். தவறுதலாக அழித்த படங்களுக்கும் இதே வழிதான். கடைகளில் இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும்போது பல தடவை இதையேதான் ஓட்டுகிறார்கள்.

இனி எந்தக் காட் வாங்கினாலும், விசேஷத்துக்குக் கொண்டு போகுமுன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மெக் அல்லது லினக்ஸில் எஃப்3 கொண்டு சோதியுங்கள். காட் முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்க்கும். 128 ஜிபிக்குச் சில மணித்தியாலம் போகும், இரவில் ஓட விட்டுவிட்டுப் படுக்கலாம். பற்றுச்சீட்டு தரும் கடையில் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தன். படம் எடுக்கப் படிப்பிக்கும் வகுப்புக்கு 60,000 ரூபா கேட்கிறார்கள். சேரலாமா? இன்னொன்று, லெப்டொப்பில் நன்றாகத் தெரியும் படங்கள் அச்சில் இருண்டு வருகின்றன. – பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, கூட்டாளிகள் கிடைப்பார்கள் என்பதற்காகச் சேர்வதென்றால் சேருங்கள். படிப்பதற்காக மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். டார்க்டேபிளின் கையேடே இலவசப் பாடப்புத்தகம் மாதிரி, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று விளக்கியிருக்கிறார்கள். அப்புறம், உங்கள் வீட்டிலிருந்து முச்சக்கரவண்டியில் சில நிமிடத்தில் கில்ட்ஃபோர்ட் கிரசென்டில் லயனல் வென்ட் கலையரங்கம் இருக்கிறது. 1944இல் காலமான வென்ட் இந்த நாட்டின் பெரிய புகைப்படக் கலைஞர். அவர் பெயரில் உள்ள அந்தக் காட்சிக்கூடத்தில் அடிக்கடி படக் கண்காட்சி நடக்கும், பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, நிழல் எங்கே விழுகிறது, விளிம்பில் எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் வகுப்பில் படித்ததைவிட அங்கே நின்று படித்தது கூட.

படம் இருண்டு வருவதற்குக் காரணம் அநேகமாக உங்கள் திரை. லெப்டொப்பின் வெளிச்சம் முழுதாக இருந்தால் படத்தைத் தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடுவோம். வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையும் தாளும் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசமாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு திருத்துங்கள். எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (திரைகளும் ஸ்டூடியோக்களும் பொதுவாகப் பாவிக்கும் நிற வரையறை) ஜேபெக்காக வெளியே எடுங்கள். 12க்கு 8 அங்குல அச்சுக்கு 3600க்கு 2400 பிக்சல் போதும், அது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. புதிய கமரா வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஸ்டூடியோவில் 'ஓட்டோ கரெக்ஷன் போட வேண்டாம்' என்று சொல்லி, முதலில் 6க்கு 4இல் ஒன்றே ஒன்று அடியுங்கள். அதை வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் இருட்டென்றால் மென்பொருளில் எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சத்தை) 0.3 கூட்டித் திரும்ப ஒன்று. இரண்டு மூன்று சின்னப் படத்தின் செலவில் உங்கள் திரைக்கான சரியான அளவு பிடிபட்டுவிடும். பெரிய அச்சுக்கு அதன்பின் கொடுங்கள்.