ஒன்றரை மடங்கு வேகத்தில் குஸ்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீங்கள் ரெஸ்லிங் பார்ப்பவர் என்று முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வேறு எந்த எழுத்தாளரிடமும் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

பெரம்பூரில் குடியிருக்கிறேன். அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாட்களில், ரெஸ்லர்களின் படமும் அளவுகளும் அச்சடித்த டிரம்ப் கார்டில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. செவ்வாய் விடியற்காலை அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் ரா, புதன் அவர்களின் என்எக்ஸ்டி, வியாழன் ஏஇடபிள்யூ நிறுவனத்தின் டைனமைட், சனி டபிள்யூடபிள்யூஇயின் ஸ்மாக்டவுன், ஞாயிறு ஏஇடபிள்யூவின் கொலிஷன். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் ஜப்பானின் ஜி1 கிளைமாக்ஸ் என்ற போட்டித் தொடர். பார்த்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எக்செல் கோப்பில் மதிப்பெண் போட்டுவைக்கிறேன். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் சுருக்கம் எழுதுவதும் நான்தான்.

சில மாதங்களாக எதையும் ரசிக்க முடியவில்லை. பார்க்காத பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது. அதைத் தீர்க்க, மின்சார ரயிலில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். 'பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே' என்கிறாள் மனைவி. அதுவும் முடியவில்லை. உடம்பை உடைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், பார்க்காமல் தாண்டிப் போவது துரோகம் போல இருக்கிறது. நட்சத்திர மதிப்பீடு அதிகமாக உள்ள ஆட்டங்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் சரியாகுமா? குழுவில் என்ன சொல்வது?

அன்புடன்,
ம., பெரம்பூர்

அன்புள்ள ம.,

பிடிக்காமல் போயிருந்தால் யாரும் சொல்லாமலேயே விட்டிருப்பீர்கள். இன்னும் பிடித்திருக்கிறது, அதுதான் தொந்தரவு. இதை உங்கள் மனைவியிடம் எப்படி விளக்குவது என்று எனக்கும் தெரியவில்லை. என் வீட்டிலும் விளக்கி முடித்தபாடில்லை.

கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1993 ஜனவரியில் ரா ஆரம்பித்தபோது அது வாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சி. பிறகு இரண்டு மணி நேரமாகி, 2012 ஜூலையில் மூன்றானது. இடையில் ஸ்மாக்டவுன் வந்தது, என்எக்ஸ்டி வந்தது. 2019இல் ஏஇடபிள்யூ என்ற போட்டி நிறுவனம் முளைத்தது. 2023இல் அதற்கும் சனிக்கிழமை (நமக்கு ஞாயிறு) நிகழ்ச்சி ஒன்று கூடியது. ஒரே இரவில் முடிந்துகொண்டிருந்த ரெஸில்மேனியா என்ற வருடாந்தரப் பெருவிழா 2020 முதல் இரண்டு இரவு. ஜி1 கதை தனி. 2016 முதல் 2019 வரை இருபது பேர் இரண்டு பிரிவாக ஆடினார்கள். ஒரு பிரிவுக்கு 45 ஆட்டங்கள், இறுதி ஆட்டத்தையும் சேர்த்தால் 91, எல்லாம் சுமார் ஒரு மாதத்துக்குள். இதையெல்லாம் வேலைக்குப் போகிற ஒருவர் பார்த்துத் தீர்ப்பது நடக்கிற காரியமா? ரசிகர்கள் மூன்றாவது மணி நேரம் வேண்டும் என்று மனுக் கொடுக்கவில்லை. தொலைக்காட்சிக்கு மணிக்கணக்கில் விற்கப்படும் சரக்கு இது, விற்கிறவரை நீளும். அந்த நீளத்தை உங்கள் கடமையாக நீங்கள் ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. கிரிக்கெட்டில் தொடர் முடிகிறது, மழைக்கு ஆட்டம் நிற்கிறது. ரெஸ்லிங்குக்கு நிற்கத் தெரியாது. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவிருந்த ஓவன் ஹார்ட் தவறி வளையத்துக்குள் விழுந்து இறந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனபின், அதே வளையத்தில் மீதி ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் இறந்த செய்தி சொல்லப்படவேயில்லை. 2020 மார்ச்சில் உலகமே கதவைச் சாத்தியபோது, ஒர்லாண்டோவில் ஆளில்லாத கூடத்தில் கேமராக்களின் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாவுக்கும் தொற்றுநோய்க்கும் நிற்காத ஒன்று, நீங்கள் மூச்சு வாங்கிக்கொள்வதற்காக நிற்கப்போவதில்லை. நிறுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வை நான் லேசாகத் தள்ளவில்லை. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க்: மிக் ஃபோலி வளையத்தைச் சுற்றி நிறுத்திய கூண்டின் உச்சியிலிருந்து அறிவிப்பாளர் மேசைமேல் விழுந்தார், மறுபடி ஏறி, கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தார். உடைந்த பல் ஒன்று மூக்குக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அண்டர்டேக்கரோடு ஆடிய அந்த ஆட்டத்தைப் பார்த்த யாருக்கும் ஒரு கடன் ஏற்பட்டதுபோலத்தான் தோன்றும். ஆனால் பேசின் பிரிட்ஜ் தாண்டுகிற ரயிலில், கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து அந்தக் கடன் அடையுமா? பார்க்காமல் விட்டிருந்தால்கூட அவருக்கு அவமதிப்பு ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்ப்பதுதான் அவமதிப்பு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். 1987 மார்ச் 29 அன்று நடந்த மூன்றாவது ரெஸில்மேனியாவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கோப்பில் அதற்கு முழு மதிப்பெண்தான் இருக்கும். பாண்டியாக் அரங்கில் 93,173 பேர் என்று நிறுவனம் சொல்லிக்கொண்டது, அந்த எண்ணைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. ஆட்டம் பதினைந்து நிமிடத்துக்கும் குறைவு. மாதக்கணக்கில் முன்பே சாவேஜ் மணியை எடுத்துக்கொண்டு கயிற்றுமேல் ஏறிக் குதித்து, ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியதாகக் கதை. ஆட்டத்தில் சாவேஜ் அந்தத் தொண்டையைத் தேடிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் ஸ்டீம்போட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார். அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் எல்லாம் இருக்கிறது: இவர் எழுவாரா, அவர் விடுவாரா, நடுவர் எங்கே பார்க்கிறார். கடைசியில் சாவேஜ் மறுபடியும் மணியோடு மேலே ஏறுகிறார். ஸ்டீம்போட்டின் பக்கம் நின்ற ஜார்ஜ் ஸ்டீல் அவரைப் பிடித்துத் தள்ள, ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடிக்க, ஒன்று, இரண்டு, மூன்று. சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதிவைத்து ஒத்திகை பார்த்தவர். அவர் ஒத்திகை பார்த்ததில் பாதி, அடுத்த அடி விழுமுன் வருகிற அந்த இடைவெளிதான். ஒன்றரை மடங்கில் முதலில் காணாமல் போவது அது. மிச்சம் இருப்பது இரண்டு பேர் மாறிமாறி விழுந்து எழும் உடற்பயிற்சி. அதில் ரசனை வற்றிப்போனதில் என்ன ஆச்சரியம்?

மார்கழியில் கச்சேரி அட்டவணையைப் பையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்குமாக ஓடுகிறவர்கள் உண்டு. உட்கார்ந்ததும் ராகத்தைக் கண்டுபிடிப்பார்கள், நோட்டில் குறிப்பார்கள், மணியைப் பார்த்துக்கொண்டு எழுந்து அடுத்த சபாவுக்கு ஆட்டோ பிடிப்பார்கள். எங்கெங்கே போனோம் என்பதை ஆண்டு முழுக்கச் சொல்வார்கள், என்ன கேட்டோம் என்பதை மட்டும் சொல்ல வராது. உங்கள் எக்செல் கோப்பு அந்த நோட்டு. கோப்பை வளர்ப்பதற்காக ஆட்டம் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள். இதற்கு டிரம்ப் கார்டும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆட்டத்தைப் பார்க்குமுன்பே ஆட்டக்காரரின் உயரம், எடை, மார்பளவை மனப்பாடம் செய்த தலைமுறை நாம். எண்களைக் கண்டால் கை பரபரக்கும்.

நட்சத்திரம் பார்த்துப் பொறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். நேர்த்தியான வழி போலத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜப்பான்காரர் ஒகாடாவும் கனடாக்காரர் கென்னி ஒமேகாவும் 2018 ஜூன் 9 அன்று ஒசாகாவில் ஆடியதற்கு, ஆட்டங்களுக்கு நட்சத்திரம் போடும் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் ஏழு நட்சத்திரம் கொடுத்தார். அளவுகோல் என்னவோ ஐந்துக்குத்தான். அறுபத்துநான்கு நிமிடத்துக்கு மேல் ஓடிய அந்த ஆட்டத்தைப் பட்டியலில் பார்த்துவிட்டு நேரே போய் உட்கார்ந்தால், நாற்பதாவது நிமிடத்தில் கைப்பேசியைத் தேடுவீர்கள். அதற்குமுன் 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஒமேகா தோற்றிருக்கிறார். ஜூனில் அறுபது நிமிடம் ஆடி முடிவில்லாமல் பிரிந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் ஜி1இல் ஒமேகா ஜெயித்திருக்கிறார், ஆனால் அன்று பட்டம் பணயத்தில் இல்லை. இந்த மூன்றும் மனதில் இருப்பவனுக்கு நாலாவது ஆட்டத்தில் ஒரு கை தவறுவதுகூட வலிக்கும். மற்றவர்களுக்கு அது திறமையான இரண்டு பேர்.

ஆகவே கடமை முழுக்கக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். சலிப்பைத் தாங்காதவனுக்குச் சில சுகங்கள் கிடைக்காது. சாமி ஜேன் என்ற ரெஸ்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் மாதக்கணக்கில் அவர் அப்போதைய சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸின் குடும்பத்துக் கூட்டணியில் ஒட்டிக்கொள்ளப் படாதபாடு பட்டார். கோமாளி வேலைதான். எத்தனையோ வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. 2023 ஜனவரி 28 இரவு, கெவின் ஓவன்ஸைக் கயிற்றோடு கைவிலங்கிட்டு அடித்து ஓய்ந்த ரெய்ன்ஸ், சாமியின் கையில் இரும்பு நாற்காலியைக் கொடுத்து, பழைய நண்பனை அடி என்கிறார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சாமி நிற்கிறார். அந்த நிற்றல் எவ்வளவு நேரம்! பிறகு ரெய்ன்ஸின் முதுகில் விழுகிறது அடி. ஒன்றும் நடக்காத அந்த வாரங்களைப் பார்த்திருந்தவர்களுக்குத்தான் அந்த நாற்காலியின் எடை தெரியும். விடியற்காலைத் தூக்கத்தைத் தொலைத்ததற்கு அன்று எனக்கு வருத்தமே இல்லை.

என் யோசனை இதுதான். ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள், அதிகம் போனால் இரண்டு. அதற்கு உண்மையாக இருங்கள்: மந்தமான வாரத்தையும் பாருங்கள், பேச்சையும் தாண்டாதீர்கள், ஒற்றை வேகத்தில் பாருங்கள். மற்ற நிறுவனங்களும் மற்ற நாட்களும் தாமாக ஓடட்டும். அங்கே ஏதாவது பெரிதாக நடந்தால் உங்கள் குழுவில் பத்துப் பேர் கத்துவார்கள், அப்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்திருக்கும் பாக்கியை என்ன செய்வது என்றால், ஒன்றும் செய்யவேண்டாம். அலுவலகத்தில் வாராக்கடனைத் தள்ளுபடி செய்வீர்கள் அல்லவா, அதே பேனாவை எடுங்கள்.

என் பெரியப்பா வியாசர்பாடியில் இருந்தார். தாராசிங்கும் கிங்காங்கும் மோதியதைப் பார்த்ததாகச் சொல்வார். கிங்காங் என்ற பெயரில் ஆடியவர் எமில் சாயா என்ற ஹங்கேரிக்காரர் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அந்த ஒரே ஒரு குஸ்தியை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பேசினார். சொல்லச் சொல்ல கிங்காங்கின் எடை ஏறிக்கொண்டே போனது. எந்தக் கோப்பிலும் அவர் மதிப்பெண் போட்டதில்லை.

இன்னொரு விஷயம், நேரம். அமெரிக்க நிகழ்ச்சிகள் நமக்கு விடியற்காலை ஐந்தரைக்கு, அவர்கள் குளிர்காலத்தில் ஆறரைக்கு வருகின்றன. பால் பாக்கெட் எடுக்கவேண்டும், மோட்டார் போடவேண்டும், பிள்ளைகளை எழுப்பவேண்டும். அந்த நேரத்தில் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, சத்தம் போடாமல், தனியாகப் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கூட்டம் இல்லாமல் இந்தக் கலை எவ்வளவு வெளிறிப்போகும் என்பதை 2020இல் அந்தக் காலிக் கூடங்கள் காட்டிவிட்டன. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவிலும் டபிள்யூடபிள்யூஇ நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்று பயந்தால் மாலைவரை குழுவைத் திறக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது குழுவில் இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு வரச்சொல்லி, நாற்காலி இழுத்துப் போட்டு, நடுவரைத் திட்டிக்கொண்டு பாருங்கள். ஜனவரி 4 டோக்கியோ டோம் நிகழ்ச்சி நமக்குப் பகல் நேரத்தில் வருவதால் அதற்கு வசதி.

குழுவில் பெரிய அறிவிப்பு எதுவும் செய்யவேண்டாம். ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்துவிட்டு அடுத்த மாதமே திரும்பி வருவது ரெஸ்லர்களின் வழக்கம், அதை அவர்களுக்கே விட்டுவிடலாம். இந்த வாரம் சுருக்கம் எழுதாதீர்கள், அவ்வளவுதான். யாராவது கேட்டால், நான் ஒரே ஓர் ஆட்டம்தான் பார்த்தேன் என்று சொல்லி அதைப் பற்றி மட்டும் நாலு பத்தி எழுதுங்கள். எது அந்த ஆட்டம் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள், தேடிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்