செத்துப்போனதாக நினைத்த பட்டாம்பூச்சி

கேள்வி: ஜூலையில் லடாக் போயிருந்தோம். காலையில் ஒரு கணவாய்ப் பக்கம், கல் இடுக்கில் சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தோம். வெயில் ஏறியதும் பறந்தே போய்விட்டது! அந்தக் குளிரில் எப்படிப் பிழைக்கிறது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தது அப்போலோ வகையாகத்தான் இருக்கும். இமயமலையில் இவற்றில் சில 5,000 மீட்டருக்கு மேலேயும் பறக்கின்றன. அது சாகவில்லை, உடம்பு விறைத்துக் கிடந்தது, அவ்வளவுதான். மார்புத் தசை ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சூடானால்தான் பட்டாம்பூச்சியால் நன்றாகப் பறக்க முடியும். சுற்றிலும் 10 டிகிரி இருக்கிற இடத்தில் அந்தச் சூட்டை வெயிலிடம்தான் வாங்கியாக வேண்டும்.

அடுத்த முறை பார்த்தால், இறக்கை உடம்போடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளை, ஓரம் கண்ணாடித்தாள் மாதிரி, ஆனால் அங்கே மட்டும் கரியைத் தேய்த்தாற்போல் கருத்திருக்கும். வெயிலை இழுப்பது அந்தக் கருப்புதான். இறக்கை நுனியில் எவ்வளவு சூடு பிடித்தாலும் அந்த மெல்லிய இறக்கை வழியாக உடம்புவரை வந்து சேராது, அதனால் கருப்பு தேவைப்படுவது உடம்பை ஒட்டித்தான். பிடித்த சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் உடம்பெல்லாம் அடர்ந்த மயிர் வேறு.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இருக்கும் மஞ்சள் நிறக் கோலியாஸ் வகை, இறக்கையை மூடி ஒருக்களித்துச் சாய்ந்து வெயில் காயும். 1960களில் இவற்றை ஆராய்ந்த வார்ட் வாட், உயரத்தில் வாழ்பவற்றுக்குப் பின் இறக்கையின் அடிப்புறம் அதிகம் கருத்திருப்பதையும், கருத்தவை சீக்கிரம் சூடேறுவதையும் காட்டினார்.

சரி, பனிக்காலத்தில்? ஆல்ப்ஸ் மலை அப்போலோவின் முட்டைக்குள் புழு முழுதாக உருவாகிவிடும், ஆனால் வெளியே வராமல் பனி முடியும்வரை உள்ளேயே கிடக்கும். அப்புறம் வந்து செடம் என்கிற சதைப்பற்றுள்ள செடியைத் தின்னும். புழுவும் கருப்புதான், அதுவும் வெயில் காயும். இன்னும் உயரத்தில் கோடை அத்தனை குறுகியது என்பதால் சில வகைகள் வளர்ந்து முடிக்க 2 ஆண்டு பிடிக்கும்.

விறைத்துக் கிடப்பதைப் பார்த்தால் பாவம் என்று தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள். விரல் பட்டால் உதிர்கிற செதிலும் மயிரும்தான் அதன் கம்பளி. உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் தள்ளி நின்றாலே போதும். இதற்கு லடாக் வரை போக வேண்டியதும் இல்லை: கோலியாஸில் ஒரு வகை நம் நீலகிரிப் புல்வெளிகளிலும் இருக்கிறது, ஊட்டி போனால் வெயில் வரும் நேரமாகத் தேடிப் பாருங்கள்.