கோயம்பேடு வருது, கோடம்பாக்கம் வரல: ட்ரை தேடல்

ப்ரோ, ஸ்டாப் பேர் தேடற உங்க ட்ரைல (trie, பேரை எழுத்து எழுத்தா கிளை பிரிச்சு வைக்கற மரம்) "கோ" அடிச்சா கோயம்பேடு மட்டும் வருது கோடம்பாக்கம் வரலைங்கறீங்க, ஸ்டாப் பேரெல்லாம் ரெண்டு ஃபைல்லேர்ந்து எடுத்தேன்னும் சொல்றீங்க, அப்போ டேட்டாலதான் எனக்கு சந்தேகம். கண்ணுக்கு ஒரே "கோ"தான், ஆனா யூனிகோட்ல (கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு நம்பர் குடுக்கற முறை) க கூட ஓகாரக் குறி ஒண்ணு போட்டும் எழுதலாம், க, இரட்டைக்கொம்பு, துணைக்கால்னு மூணு துண்டாவும் எழுதலாம். ட்ரை துண்டுக்கு ஒரு நோட் (node, மரத்துல ஒரு கணு) போடும், அதனால க தாண்டினதுமே பாதை பிரிஞ்சிடும். ரெண்டு பேரோட லெங்த்தையும் பிரிண்ட் பண்ணி துண்டு துண்டா பாருங்க, தெரிஞ்சிடும். உள்ள போடும்போதும் தேடும்போதும், ரெண்டு இடத்துலயும் என்எஃப்சி (NFC) நார்மலைஸ் பண்ணுங்க, அதாவது துண்டா இருக்கற குறியைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்கிடுங்க. நான் ஒரு பக்கம் மட்டும் பண்ணிட்டு ஒரு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்.

அப்புறம் அண்ணா நகர் மேற்கு வருது, வெறும் அண்ணா நகர் காணோம்னு கேட்டீங்கல்ல? கீழ கிளை இல்லாத நோட்டைத்தான் பேரோட முடிவுன்னு எடுத்திருப்பீங்க. அண்ணா நகருக்குக் கீழ " மேற்கு" தொங்குதே, எப்படி முடியும்? ஒவ்வொரு நோட்லயும் "இங்க ஒரு பேர் முடியுது"ன்னு தனியா ஒரு ஃப்ளாக் (ஆமா/இல்ல குறி) வைங்க. கீழ போற கிளைகளுக்கு எழுத்துக்கு ஒரு கட்டம்னு நீங்க வெச்சிருக்கற அந்த 26 கட்ட அர்ரே இங்கிலீஷுக்குத்தான் சரி, தூக்கிட்டு மேப் (எந்தத் துண்டுக்கு எந்த நோட்னு வைக்கற பட்டியல்) போடுங்க.