முன் ஃபோர்க் இல்லாத பைக்குகள் மேலானவை என்றால், அவை ஏன் பரவவில்லை?

பிமோட்டா டெசி, யமஹா ஜி.டி.எஸ். 1000 போன்ற, முன்பக்கம் ஃபோர்க் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும், உள்ளே ஸ்பிரிங் வைத்த குழாய்ச் சோடி) இல்லாத வண்டிகளைப் பொறியியல் நோக்கில் மேலானவை என்று பலரும் எழுதுகிறார்கள்; அப்படியிருக்க, எந்தக் கடைக்குப் போனாலும் இன்றும் ஃபோர்க் வைத்த வண்டியே நிற்பது ஏன் என்பது கேள்வி. பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டுவதை நெடுநாள் பொழுதுபோக்காக வைத்திருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்த வடிவமைப்புகள் தீர்க்க முயன்ற சிக்கல் உண்மையானதுதான். ஆனால் ஓட்டுபவர் அதைச் சிக்கலாக உணர்வதில்லை. பெரும்பாலும் அதை நம்பியே ஓட்டுகிறார்.

உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முன் பிரேக்கை இறுகப் பிடித்தபடி ஹேண்டில்பாரை முன்னால் தள்ளிப் பாருங்கள். ஃபோர்க் அமுங்கி, வண்டி தலை குனியும். ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும்போது நடப்பதும் இதுவே, பல மடங்கு வேகமாக. எடை முன்னால் சாய்வதால் ஃபோர்க் அமுங்குகிறது. அது சாய்ந்து நிற்பதால், தரை சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஒரு பங்கும் குழாய் வழியே ஏறி அந்த அமுக்கத்தைக் கூட்டுகிறது. ஸ்பிரிங்கின் ஓட்டத்தில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிட, அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால் அதை வாங்கிக்கொள்ள மிச்சமிருப்பது கொஞ்சம்தான். கூடவே, திருப்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது வழக்கமாக 100 மி.மீ. அளவில் இருக்கும் ‘ட்ரெயில்’, சுருங்குகிறது. வண்டியை நேராக ஓட வைப்பது அந்தத் தூரம்தான். இதற்கெல்லாம் மேலாக, பிரேக்கின் விசை குழாய்களை வளைக்கப் பார்ப்பதால், ஒன்றுக்குள் ஒன்று வழுக்க வேண்டியவை இறுகி உராய்கின்றன. ஆயில் சீல் மாற்றுவதற்காகக் கழற்றிய ஒவ்வொரு ஃபோர்க்கிலும் உள்ளே இருக்கும் புஷ் என்னும் வழுக்கு வளையம் முழுவட்டமாகத் தேயாமல் ஒரே பக்கமாகப் பளபளவென்று தேய்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பளபளப்பு இந்த உராய்வின் தடம்.

திருப்புவது, பிரேக்கின் விசையைத் தாங்குவது, மேடுபள்ளத்தை விழுங்குவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே சோடிக் குழாய்களிடம் ஒப்படைத்ததுதான் மூலக் காரணம் என்றும், அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்றும் நினைத்தவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அமெரிக்கரான கார்ல் நெரக்கர் வடிவமைத்து 1920களில் விற்பனைக்கு வந்த நெர்-ஏ-கார் வண்டியில் ஃபோர்க் கிடையாது. முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள்ளேயே திருப்பும் அச்சு இருந்தது. ‘ஏறக்குறைய ஒரு கார்’ என்ற பொருளோடு அவர் பெயரும் ஒலிக்கும்படி வைத்த அந்தப் பெயர் இன்றும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.

அதே கருத்தை மிகத் துணிச்சலாக எடுத்துச் சென்றது இத்தாலியின் ரிமினி நகரத்து பிமோட்டா நிறுவனம். பியர்லூயிஜி மார்க்கோனி பொறியியல் மாணவராக எழுதிய ஆய்வேட்டிலிருந்து பிறந்த வண்டி என்பதால்தான் அதற்கு டெசி என்று பெயர். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆய்வேடு என்றே பொருள். டுகாட்டி எஞ்சின் பொருத்திய டெசி 1டி 1990இல் வெளிவந்தது. அதன் முன்சக்கரத்தைப் பின்சக்கரத்தைப் போலவே ஒரு ஸ்விங் ஆர்ம் (சட்டகத்திலிருந்து நீண்டு மேலும் கீழும் அசையும் கை) இருபுறமும் பிடித்திருக்கும். அந்த ஆர்மின் இரு கைகளுக்கு நடுவே சுழலாத ஓர் அச்சு. அதன் மையத்தில் ஏறத்தாழச் செங்குத்தாக, திருப்பும் அச்சாக ஒரு கிங்பின். அந்தப் பின்னைச் சுற்றி இடவலமாகத் திரும்பும் பெரிய ஹப். அந்த ஹப்பின் மேல், அகன்ற விட்டமுள்ள பேரிங்குகளில் சக்கரம் சுழலும். ஹேண்டில்பாரிலிருந்து கம்பிகளும் இணைப்புகளும் வழியாகத்தான் திருப்பம் கீழே போய்ச் சேரும். பிரேக்கின் விசை ஸ்விங் ஆர்ம் வழியாக நேராகச் சட்டகத்துக்குப் போய்விடுவதால், ஸ்பிரிங்குக்கு மேடுபள்ளம் ஒன்றே கவலை.

படிக்கும்போது இதில் குறை எதுவும் தெரியாது; குறை இருப்பது மூட்டுகளில். ஹேண்டில்பாருக்கும் டயருக்கும் நடுவே இத்தனை பந்து மூட்டுகள் வந்துவிட்டால், ஒவ்வொன்றிலும் முடியளவு ஆட்டம் சேர்ந்தாலே போதும், டயர் தரையைப் பற்றியிருக்கிறதா வழுக்கப் போகிறதா என்ற செய்தி உள்ளங்கைக்கு மங்கலாகவே வரும். ஃபோர்க் வண்டியில் அந்தப் பாதையில் இருப்பது ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங்காகிய கோன் செட் மட்டுமே. போதாக்குறைக்கு, ஸ்விங் ஆர்மின் கைகளுக்கு நடுவே சக்கரம் திரும்ப இடம் குறைவு. தெருவில் ஒரு யு-டர்ன் எடுக்க முன்னும் பின்னும் உருட்ட வேண்டிய வண்டியை யார் தினமும் ஓட்டுவார்கள்?

யமஹா இந்த இடக்குறையை வேறு வழியில் சமாளித்தது. ஜேம்ஸ் பார்க்கரின் வடிவமைப்பில் 1993இல் வந்த ஜி.டி.எஸ். 1000, சக்கரத்தை ஒரே பக்கத்திலிருந்து ‘சி’ போல வளைந்த கையால் பிடித்தது. நீண்ட பயணத்துக்கு ஏற்ற, நம்பகமான, ஆனால் கனமும் விலையும் மிகுந்த வண்டி. வாங்க ஆள் வரவில்லை. அதன் முன் டயர் 130/60 என்ற அரிதான அளவு. வண்டி நின்றுபோன பிறகும் அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த டயரைத் தேடுவதே ஒரு வேலை.

பந்தயத்தில் இதை முயன்றது பிரான்சின் எல்ஃப் எண்ணெய் நிறுவனம். ரெனோவின் பொறியாளர் ஆந்த்ரே த கோர்த்தான்ஸ் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் 1970களின் இறுதியிலிருந்து பத்தாண்டுக் காலம் ஓடியது, 500 சி.சி. கிராண்ட் பிரீயில் ரான் ஹாஸ்லம் ஓட்டினார். அந்த கிராண்ட் பிரீயில் ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வண்டியின் பின்பக்கத்து ஒற்றைக்கை ஸ்விங் ஆர்மை ஹோண்டா எடுத்துக்கொண்டு ஆர்.சி. 30இல் பொருத்த, அது உலகமெங்கும் பரவியது. முன்பக்கத்துக்காகப் பாடுபட்டவர்களின் உழைப்பு பின்பக்கத்தில் பலித்தது.

என் கணக்கில் உண்மையாகவே வென்ற மாற்று வடிவம் ஒன்று உண்டு: மெக்லாரன் கார் பந்தய நிறுவனத்தில் பணியாற்றிய நார்மன் ஹாசக்குடையது. அவர் ஹப்பைத் தொடவில்லை. சக்கரத்தைப் பிடிக்க விறைப்பான ஒரு கவை, அதைச் சட்டகத்தோடு இணைக்க ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விஷ்போன்கள் (‘ஏ’ எழுத்து வடிவக் கைகள்), திருப்புவதற்கு மடங்கி விரியும் ஓர் இணைப்பு. ஃபோர்க்கிலிருந்து பிரிக்க வேண்டியதை மட்டும் பிரித்தார். அதனால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஜான் பிரிட்டன் கார்பன் ஃபைபரில் தன் கையால் உருவாக்கிய வி 1000 இதே வழியில் வந்தது. பெரிய நிறுவனங்களின் வண்டிகளோடு மோதி வென்றது. உருவானவை மொத்தம் பத்து வண்டிகளே. 1995இல் பிரிட்டன் நாற்பத்தைந்து வயதில் புற்றுநோயால் இறந்தார். 2004இல் பி.எம்.டபிள்யூ கே 1200 எஸ் வண்டியில் டுவோலீவர் என்ற பெயரில் வந்ததும், 2018இல் ஹோண்டா கோல்ட் விங்கில் வந்ததும் ஹாசக்கின் கருத்துதான்.

பி.எம்.டபிள்யூவின் இன்னொரு வடிவமான டெலிலீவர், 1993இல் ஆர் 1100 ஆர்.எஸ். வண்டியோடு வந்தது. அதில் குழாய்கள் இருக்கும், ஆனால் அவற்றுக்குள் ஸ்பிரிங் இருக்காது; கீழே ஒரு விஷ்போனும் தனி ஷாக் அப்சார்பரும் அந்த வேலையைப் பார்க்கும். நண்பர் ஒருவரின் ஆர் 1200 ஜி.எஸ். வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காலைப்பொழுது ஓட்டியிருக்கிறேன். முதல் வேகத்தடைக்கு முன் பிரேக் பிடித்தபோது முன்பக்கம் குனியவே இல்லை. பிரேக் வேலை செய்யவில்லை என்று உடம்பு பதறி, விரல்கள் தாமாக இன்னும் அழுத்தின. வேகத்தடைக்கு வெகு முன்பே வண்டி ஏறக்குறைய நின்றுவிட்டது. பின்னால் வந்த காரின் ஹாரன் நியாயமானதே. எவ்வளவு பிரேக் பிடிக்கிறோம் என்பதைத் தலை குனியும் அளவைக் கொண்டே இத்தனை காலமும் அளந்திருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. சாலை மோசமான இடங்களில் பிரேக் பிடித்தபடியே பள்ளத்தில் இறங்கியும் முன்சக்கரம் கலங்காததைப் பார்த்த பிறகு, என் வண்டிக்குத் திரும்ப மனம் வரவில்லை.

ஆனால் அதே பி.எம்.டபிள்யூ 2009இல் சூப்பர்பைக் பந்தயத்துக்கு எஸ் 1000 ஆர்.ஆர். வண்டியைக் கொண்டுவந்தபோது, கையில் இரண்டு மாற்று வடிவங்களை வைத்துக்கொண்டே சாதாரண ஃபோர்க்கைத்தான் பொருத்தியது. பந்தய வீரருக்குத் தேவையானது அந்தக் குனிவுதான்: வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை மெல்ல விடுவதன் மூலம் ட்ரெயிலை அவர் விரலால் கட்டுப்படுத்துகிறார், முன் டயரின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதையும் அதிலிருந்தே அறிகிறார். ஃபோர்க் தயாரிப்பவர்களும் சும்மா இருக்கவில்லை; தலைகீழ் ஃபோர்க், உராய்வு குறைக்கும் பூச்சுகள், கணினி கட்டுப்படுத்தும் டாம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது) என்று குறைகளை ஒவ்வொன்றாக இழைத்துக்கொண்டே வந்தார்கள். மாற்று வடிவத்துக்கு அவ்வளவு பேர் அவ்வளவு காலம் உழைக்கவில்லை.

‘ஃபோர்க் இல்லாத வண்டியை வாழ்நாளில் ஓட்டிப் பார்க்க வாய்க்குமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பழைய பஜாஜ் சேட்டக் இருந்திருந்தால் ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள். விமானப் பொறியாளரான கொர்ராதினோ டாஸ்கானியோ வெஸ்பாவுக்கு வகுத்த, சக்கரத்தை ஒரே பக்கத்தில் பிடிக்கும் அமைப்பின் வழிவந்ததுதான் அதன் முன்பக்கம். நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும், ஸ்டெப்னியை மாட்டிக் கிளம்பலாம். பிரேக் அடித்தால் மட்டும் எந்த ஃபோர்க்கையும் தோற்கடிக்கும் அளவுக்குக் குனியும்.