வாகனக் கேள்வி பதில்: வாசற்கல்லில் ஏறும் பின்சக்கரம்

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிச் செல்ல ஒரு பிக்கப்பும், வீட்டு உபயோகத்துக்கு அதே நிறுவனத்தின் எஸ்.யு.வி. ஒன்றும் வைத்திருக்கிறேன். பின்கட்டு வாசலுக்குள் எஸ்.யு.வி. ஒரே வளைவில் நுழைந்துவிடுகிறது. பிக்கப்பின் பின்சக்கரமோ ஓரக்கல்லில் ஏறுகிறது. பிக்கப்பின் முன் டயர்களும் விரைவில் தேய்கின்றன. இரண்டு வண்டிக்கும் ஒரே ஸ்டீயரிங் ஆர்ம் (முன்சக்கரத்தைத் திருப்பும் கை) என்பதே காரணம் என்கிறார் மெக்கானிக். ஆர்மை மாற்றலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மாற்ற வேண்டாம். மெக்கானிக் சொல்லும் கோட்பாடு சரிதான். ஆனால் உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் அது காரணமில்லை.

வளைவில் உட்புற முன்சக்கரம் சிறிய வட்டத்தில் செல்வதால், வெளிப்புறச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பியாக வேண்டும். மியூனிக் நகர வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்குக் கண்ட அமைப்பு, 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அக்கர்மனின் பெயரிலேயே நிலைத்துவிட்டது. அதன் எளிய வடிவில், இரண்டு ஸ்டீயரிங் ஆர்ம்களின் கோடுகளையும் பின்னோக்கி நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும் என்பதால், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) மாறினால் ஆர்மின் சாய்வும் மாற வேண்டும் என்பது உண்மையே.

எவ்வளவு மாற வேண்டும் என்பதுதான் கேள்வி. டொயோட்டா பார்ச்சூனரின் வீல்பேஸ் 2745 மி.மீ., ஹைலக்ஸ் பிக்கப்பினுடையது 3085 மி.மீ.; இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு, முன்சக்கரங்கள் எந்தப் புள்ளிகளைச் சுற்றித் திரும்புகின்றனவோ அந்தத் திருப்பு மையங்களுக்கு இடையே சுமார் 1500 மி.மீ. எனக் கொண்டால், உட்புறச் சக்கரம் 35 டிகிரி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் முதல் வண்டியில் ஏறத்தாழ 26.9 டிகிரியும் இரண்டாவதில் 27.6 டிகிரியும் திரும்ப வேண்டும். முழுதாக ஒடித்த நிலையிலேயே வேறுபாடு ஒரு டிகிரிக்குக் குறைவு. காரைக்குடிச் சாலையில் நேராக ஓடுகையில் அது இல்லவே இல்லை. டயரைத் தேய்ப்பது பெரும்பாலும் டோ கோளாறுதான்; அதாவது, நேராகச் செல்லும்போதும் முன்சக்கரங்கள் அளவுக்கு மீறி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது. டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் உறுத்தினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று போதவில்லை.

ஓரக்கல் விவகாரம் முழுக்க வீல்பேஸைச் சேர்ந்தது. வெளிப்புற முன்சக்கரம் 6.5 மீட்டர் ஆர வட்டத்தில் சென்றால், அதே பக்கத்துப் பின்சக்கரம் பார்ச்சூனரின் வீல்பேஸில் சுமார் 61 செ.மீ.யும், ஹைலக்ஸின் வீல்பேஸில் சுமார் 78 செ.மீ.யும் உள்வாங்கி ஓடும். அந்த 17 செ.மீ.தான் உங்கள் கல்லில் இடிக்கிறது. எந்த ஆர்மைப் பொருத்தினாலும் அது குறையாது. மாறாக, டை ராடின் (ஆர்மைத் தள்ளி இழுக்கும் தண்டின்) இருப்பிடம் மாறி, பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும் புதிய வம்பும் சேரும்.

உங்கள் தெரு அகலமாயிருந்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, தாமதமாக ஒடியுங்கள். என் விருப்பம் ரிவர்ஸில் நுழைவதே. பின்சக்கரங்கள் முதலில் சென்று வாசலைப் பிடித்துவிடும். அப்போது வண்டியின் மூக்கு தெருவில் அகலமாக வீசும் என்பதால், எதிர்வீட்டுத் திண்ணைப் பக்கம் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.