தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை பார்த்த அப்பாவுக்குக் காது மந்தம். காது கேட்கும் கருவிக்கு உதவி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் முதலில் காதைக் காட்டுங்கள். சிலருக்குக் குறும்பி அடைத்திருக்கும், எடுத்தால் சரி. தேயிலை உருட்டும் ரோலர் இரைச்சலில் வருடக்கணக்காக நின்றவர் என்றால் கதை வேறு. 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழியும், திரும்ப வளராது. கீச்சொலிதான் முதலில் போகும். "சத்தம் கேட்குது, பேச்சு விளங்கல்ல" என்பார்களே, அதுதான்.

கண்டி தேசிய வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. கேட்டல் பரிசோதனை அறிக்கையோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் இரண்டையும் கொண்டு போனால் இன்னொரு பஸ் செலவு மிச்சம்.

கருவி வந்தபின் பொறுமை வேண்டும். முதல் வாரம் தகரக் கூரையில் மழை விழுந்தாலே கழற்றி வீசத் தோன்றும். வீட்டுக்குள் தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழகட்டும். பொத்தான் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிவைத்தாலும் பேட்டரியின் உயிர் மிஞ்சாது. நம்ம பக்கத்துப் பனி ஈரம் கருவிக்கு எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

அப்புறம், பின்னாலிருந்து கத்தாதீர்கள். முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.